பரணில் கிடக்கும் மட்கார்டு ரப்பர்

ஏங்க, சாப்பாடு அடுப்பு மேல இருக்கு, சூடு பண்ணிக்கோங்க. ஜீப் சாவிக்காக வீட்டைத் தலைகீழாக்க வேண்டாம், அது என் கைப்பையில.

பெரிய டயர் போட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. மட்கார்டைத் தாண்டி டயர் வெளிய நீட்டக் கூடாதுங்கறது சட்டம். எங்க ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஜீப்பைச் சோதனைக்குக் கொண்டு வந்தப்ப ரப்பர் பட்டையை மாட்டி மூடிக் காட்டினீங்க. நானும் புருஷனாச்சேன்னு நம்பி, வண்டி இன்ஸ்பெக்டரா என் கையெழுத்தைப் போட்டேன். மறுநாளே கழட்டிப் பரண்ல போட்டாச்சு! நேத்து கேட்டா, "ஒரு சாண் ரப்பருக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"ன்னு என்மேலயே பாய்ஞ்சீங்க.

பத்து மணிக்கு மெக்கானிக் வருவார். பட்டையை எடுத்துக் குடுங்க. இனி கழட்டவே முடியாதபடி மாட்டச் சொல்லியிருக்கேன். அந்தக் கையெழுத்தை நானே ரத்து பண்ணத்தான் ஆபீஸ் போறேன். அங்க என்ன கேப்பாங்களோ, தெரியல.

இன்னொண்ணு. மேசை மேல பொண்ணோட ஹெல்மெட் இருக்கு, கண்ணாடியில விரிசலைப் பாருங்க. நேத்து சாயங்காலம் உங்க ஜீப்புக்குப் பின்னாலதான் ஸ்கூட்டர்ல வந்திருக்கா. உங்க டயர்லேர்ந்து தெறிச்ச கல்லு பட்ட விரிசல் அது.

"அப்பாகிட்ட சொல்லிடாதம்மா, உடைஞ்சு போயிடுவார்"னு கெஞ்சினா. அதான் வாயால சொல்லல, எழுதி வெச்சிருக்கேன்.