அரிசி டிரம்முக்குள் சீனி டப்பா

வியாழன், ராத்திரி

தம்பி முருகன் இன்றைக்கும் பக்கத்து வீட்டு சுனந்தாபாயின் பெயரை மறந்துவிட்டான். சின்ன வயசிலிருந்து அவன் பார்க்கிற முகம் அது. இவனை மாதிரி டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதை ஒட்டியே மறதி வந்துவிடலாமாம். "சுகரும் ஏறியிருக்கு. அதனாலயும் மந்தமா இருக்கலாம். முதல்ல இனிப்பைக் குறைச்சுப் பாருங்க" என்று போன வாரமே சொன்னார் டாக்டர்.

சந்தில் அவனுக்கு ஓசியில் அரை கிளாஸ் கட்டிங் சாய் கொடுக்காத கடையே கிடையாது. எல்லாரிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் சீனியே வாங்காமல் இருக்கலாம்தான். ஆனால் எனக்கு அது இல்லாமல் டீ இறங்காது. அதனால் ஞாயிற்றுக்கிழமை டப்பாவை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்தேன்.

இன்று வேலை முடிந்து வந்தால் தரையெல்லாம் அரிசி. நடுவில் முருகன், மடியில் டப்பா, மீசையெல்லாம் சீனி. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏல, இதை எப்படில கண்டுபிடிச்ச?"

"நீதானக்கா வச்ச. ஞாயித்துக்கெழம. நான் தூங்கல, சும்மா கண்ண மூடிக் கெடந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பார்த்ததை இன்று வரைக்கும் ஞாபகம் வைத்திருக்கிறான்! திட்டத் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது.

"அழாதக்கா, ஒனக்கும் தாரேன்" என்று ஒரு கரண்டி சீனியை நீட்டினான்.

இப்போது படுத்துவிட்டான். டப்பாவைத் துணி மூட்டைக்கு அடியில் மாற்றி வைத்தேன். வைக்கும்போது அவன் கண் லேசாகத் திறந்திருந்த மாதிரி இருந்தது.

திறந்திருக்கட்டும், சாமி.