தில்மானின் பெயர்

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

மலேசியா, மாசாயிலிருந்து கிருபாகரன். நான் சுகம். உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? அம்மாவின் முழங்கால் எப்படி? போனில் பேசினால் என் குரலை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பயப்பட ஒன்றுமில்லை. என் அறையில் இருந்த நேபாளி, தில்மான் அண்ணன், போன வாரம் காலை ஷிப்டுக்கு எழவில்லை. "தூக்கத்துலயே போய்ட்டாரு லா," என்றார் சூப்பர்வைசர் ஹேமநாதன். உடலை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாப்பிடுமுன் நான் ஜெபித்து முடிக்கும்வரை அவரும் தட்டைத் தொடாமல் காத்திருப்பார். ஒருநாள் அரைகுறை மலாயில், "யார்கிட்ட பேசுறே?" என்று கேட்டார். மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெட்கமாகிவிட்டது. "சும்மா, ஊர்ப் பழக்கம்," என்றேன். அவருடைய மலையூரில் இயேசுவைப் பற்றிச் சொல்ல ஆளில்லை. இங்கே நான் இருந்தேன்.

"சுவிசேஷத்தக் கேக்காதவங்களை ஆண்டவர் அவங்க மனசாட்சிய வச்சுத்தான் தீர்ப்பாரு," என்கிறார் இங்குள்ள பாஸ்டர். நீங்கள் பிரசங்கத்தில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. இப்போதும் ஜெபம் முடித்துக் கண்ணைத் திறக்கப் பயமாக இருக்கிறது. எதிரில் அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருப்பதுபோல் தோன்றுகிறது.

எலுமிச்சை ஊறுகாய் இனி ஒரு பாட்டில் போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஷிப்டு பஸ் வந்துவிட்டது. மரித்தவர்களுக்காக நம் சபையில் ஜெபிப்பதில்லை என்று தெரியும். இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை அவர் பெயரை ஒரு தடவை சொல்லுங்கள், அப்பா. ஆண்டவருடைய பெயரை அவர் கேட்டதில்லை. அவருடைய பெயரை ஆண்டவராவது கேட்கட்டும்.

உங்கள் மகன்,
கிருபாகரன்