நூலுக்கு வாய் இல்லை

மார்ச் 4
நாங்கள் தைத்து அனுப்பிய பள்ளிப் பைகள் மறுபடி திரும்பி வந்தன. எல்லாம் தோள்வார் பிய்ந்தவை. சீக்கிரம் பழுது பாதியாகாவிட்டால் இரண்டாவது தையல் லைனை மூடப் போவதாக முதலாளி சொல்லிவிட்டார். பதினான்கு தையல்காரர்கள். தரம் பார்க்கிறவள் நான். எல்லாரும் என் முகத்தையே பார்க்கிறார்கள். பரேட்டோ போடலாம் என்றேன் — காரணங்களை எண்ணி, பெரியதிலிருந்து சிறியது வரை பட்டை வரைந்து, முதல் பட்டையை மட்டும் துரத்துவது.

மார்ச் 11
ஒரு வாரத்தில் 212 பழுது. தைத்த பையைச் சோதிக்கும் செக்கர்கள் எழுதிய காரணம்: நூல் சரியில்லை 131, ஜிப் 34, வெட்டு அளவு 27, மற்றவை 20. உடனே நூல் கம்பெனியை மாற்றச் சொன்னேன். கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மார்ச் 18
புது நூல். 'நூல் சரியில்லை' — 128.

மார்ச் 19
செக்கர் சுருட்டையை (முடியால் வந்த பெயர்) தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "நூலுக்கு வாய் இல்லக்கா. ஆளைச் சொன்னா நாளைக்கு அவங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"
கோபம் வரவில்லை. இரண்டு வாரமாக நான் எண்ணியது காரணத்தை இல்லை, இவர்களுடைய நல்ல மனசை. புதுத் தாள் அடித்தேன். ஆளைப் பற்றிக் கட்டமே கிடையாது. மெஷின் எண், ஊசி மாற்றிய தேதி, அவ்வளவுதான்.

மார்ச் 26
205இல் 133, பத்து நாளாக மாற்றாத ஊசியில். மழுங்கிய ஊசி நூலைத் தின்கிறது. ஏன் மாற்றவில்லை? தையல்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர்தான் வாயைத் திறந்தார். "ஸ்டோர்ல போய் நிக்கணும்மா. உடைஞ்ச துண்டைக் காட்டினாத்தான் புது ஊசி. மழுங்கிடுச்சுன்னா நம்ப மாட்டார்."
ஸ்டோர்கீப்பர் என் வீட்டுக்காரர்.
அப்போ நூல் மேல பழி போட்டது எனக்காகவுமா? அவமானமா இருக்கு.

மார்ச் 27
அவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 28
சொன்னேன். "ரூல்படிதானே குடுக்கறேன்?" ஆமாம். "அப்புறம் எதுக்கு என்னை முதலாளி முன்னாடி கொண்டுபோய் நிறுத்துற?" தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார்.
தாளைக் கிழிச்சிடலாமா? பதினாலு பேர்.

மார்ச் 29
முதலாளி பட்டைப் படத்தைப் பார்த்தார். "ஸ்டோர்ல யாரு?" என்று தெரியாதவர்போலக் கேட்டார். "என் வீட்டுக்காரர். ஆனா ரூல் கம்பெனியோடது சார், அதை மாத்துங்க." இரண்டு வாரம் தந்தார். ஊசி இனி லைனுக்கே போகும். கொண்டுபோகிறவர் என் வீட்டுக்காரர்.

ஏப்ரல் 12
இந்த வாரம் 68. இரண்டாவது லைன் ஓடும்.
வீட்டில் இரண்டு வாரமாகச் சாவி எங்கே, தண்ணீர் வந்ததா — இவ்வளவுதான் பேச்சு. வண்டியிலும் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். இன்று சிக்னலில் நின்றபோது திரும்பாமலே சொன்னார்: "ஸ்டோர்லேருந்து லைனுக்கு நூத்து நாப்பது அடி வைக்கணும். எண்ணிப் பாத்தேன். போறதுக்கு மட்டும். படி வேற."
கம்பியை விட்டுவிட்டு அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.