கொடி மார்க் வெடி

7-7-55, வியாழன்

புது லேபிள் வந்துவிட்டது. லித்தோ பிரஸ்ஸில் படம் வரையும் என் மச்சினன் சுந்தரபாண்டி, சிவகாசியிலிருந்து தானே லேபிள் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினான். மூவர்ணக் கொடி, நடுவில் சக்கரம், கீழே வளைவாக 'கொடி மார்க் ஒற்றை வெடி, தனுஷ்கோடி கம்பெனி, விருதுநகர்'. ஒவ்வொரு வெடியின் மேலும் இந்தத் தாளைத்தான் சுற்றி ஒட்டப் போகிறோம். சக்கரத்தின் ஆரங்களை எண்ணிப் பார்த்தேன். இருபத்துநாலும் இருந்தன.

"கறுப்புச் சட்டை போட்ட கை இம்புட்டு ஒழுங்காக் கொடி வரையுதே?" என்றேன்.

"வேலை வேற, கொள்கை வேற அத்தான்" என்றான்.

மகள் தங்கத்தாய் மாமன் தோளிலிருந்து இறங்கவே இல்லை. மூன்று வயது முடிகிறது, ஆவணியில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி தயாராக இருக்கிறது என்று அவனும் சொல்லிவிட்டான். என் மனைவி சொர்ணலட்சுமிக்குத் தம்பியைக் கண்டால் முகமே வேறு. எனக்கு வைக்கும் குழம்பும் அன்றைக்கு மட்டும் ருசியாக இருக்கும்.

தேசபக்திக்குத் தேசபக்தி, வியாபாரத்துக்கு வியாபாரம். இந்த மூளை எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

16-7-55

மழை மூடாக்கு. மருந்து காயவில்லை. எம். புதுப்பட்டியில் எங்கள் வெடி ஷெட்டில் ஃபோர்மேன் பெத்தணன் வானத்தைப் பார்த்து வைதுகொண்டிருந்தான். நானும் சேர்ந்து வைதேன்.

24-7-55, ஞாயிறு

சாப்பாட்டு இலையில் சண்டை.

ஆகஸ்ட் முதல் தேதி கறுப்புச் சட்டைக்காரர்கள் தேசியக் கொடியைக் கொளுத்தப் போகிறார்களாம், இந்தியைத் திணிப்பதைக் கண்டித்து. இது பத்து நாளாகப் பேப்பரில் வருவதுதான். ஆனால் விருதுநகரில் கொளுத்தப் பெயர் கொடுத்தவர்களில் சுந்தரபாண்டியும் ஒருவன் என்பதை இன்று ரசம் ஊற்றும்போது அவனே சாவகாசமாகச் சொன்னான்.

நான் கத்தினேன். "பேசு, எழுது, மேடை போட்டு எங்களை நார் நாராக் கிழி. யாரு வேண்டாங்கா? எரிக்கது என்னலே பேச்சு?"

"நீங்க மட்டும் முப்பதுல மார்க்கெட்டு வாசல்ல சீமைத்துணியைக் கொளுத்தினீகளே, குளிருக்கா?"

"அது வெள்ளைக்காரன் துணி."

"உங்க அய்யாவோட வேட்டின்னுல்ல அக்கா சொன்னா?"

சொர்ணலட்சுமி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கெடுத்தது. அது அய்யாவின் வேட்டிதான், மல் வேட்டி, இரண்டே தடவை கட்டியது. அந்தத் தீயைப் பற்றி இருபத்தைந்து வருஷமாக எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்! வேட்டி யாருடையது என்று ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அன்றைக்கு அய்யாவிடம் வாங்கிய அடியையும் சொன்னதில்லை.

மோரைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன். மோர் எனக்குப் பிடிக்கும்.

26-7-55

இன்ஸ்பெக்டர் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, பெயர் கொடுத்தவங்க யாரு யாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றார். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் நான் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

இரண்டு பக்க மனு. "தேசியக் கொடியை எரிப்பவரையும், எரிக்கத் தூண்டுபவரையும், எரிவதற்குக் காரணமாக இருப்பவரையும், அது எந்த வடிவில் நடந்தாலும், தயவு தாட்சண்யமின்றிச் சிறையில் அடைக்க வேண்டும்." எந்த வடிவில் என்பதன் கீழே கோடு போட்டேன். கடைசி வரியில் சுந்தரபாண்டியின் பெயரும் விலாசமும்.

கூப்பிட்டு மிரட்டி அனுப்பிவிடுவார்கள், புத்தி வரும் என்றுதான் நினைத்தேன். அப்படித்தானே நினைத்தேன்? எழுதும்போது சொர்ணலட்சுமியின் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டிருந்ததும் உண்மை.

29-7-55

சுந்தரபாண்டியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிரஸ்ஸிலிருந்து, வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே. கையில் மை கூடக் கழுவ விடவில்லையாம்.

30-7-55

மனு எழுதியது யார் என்று சொர்ணலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் போடவில்லை. சோறு வந்தது, பேச்சு வரவில்லை.

31-7-55

போராட்டத்தை ஒத்திவைத்துவிட்டார்களாம்! பேப்பரில் வந்திருக்கிறது. ஊரில் ஒரு கொடியும் எரியப் போவதில்லை. ஓடினேன் ஸ்டேஷனுக்கு. "அப்ப அவனை விட்டுருங்க" என்றேன்.

"இனிமே எரிக்க மாட்டேன்னு எழுதி ஜாமீன் குடுத்தா விட்டுருவோம். மத்தவங்க குடுத்துட்டாங்க. உங்க மச்சினன் மாட்டேங்கான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

சப்ஜெயில் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கெஞ்சினேன். "ஒரு கையெழுத்துத்தானலே."

"எரிக்கணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்லை அத்தான். ஒத்தி வச்சாச்சு. ஆனா எரிக்கவே மாட்டேன்னு எழுதிக் குடுத்தா, என் வாயை நானே தச்சுக்கிட்ட மாதிரி."

முரடன். இப்படித்தான் நானும் 1930-ல் ஜெயிலில் சொன்னேன் என்று வீட்டுக்கு வரும் வழியில் ஞாபகம் வந்தது. நான் நாலாவது நாளே கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்ததும் கூடவே ஞாபகம் வந்தது. அதையும் மேடையில் சொன்னதில்லை.

6-8-55

தங்கத்தாய் கேட்கிறாள்: "மாமா எங்க?" ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். "எந்த ஊருக்கு?" என்றாள். இந்த வீட்டில் என்னோடு பேசும் ஒரே ஆளிடமும் பொய்.

11-8-55

வக்கீலைப் பார்த்தேன், சுந்தரபாண்டிக்காக. மனுவின் நகலைப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க என்ன வெடி போடுதீக?" என்று கேட்டார். கொடி மார்க் என்று பெருமையாகச் சொன்னேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

கொடிப் படத்தை வியாபாரத்துக்குப் போடக்கூடாது என்று சட்டமே இருக்கிறதாம், ஐந்து வருஷமாக. அதையாவது தெரியாது என்று சொல்லலாம். "எரிவதற்குக் காரணமாக இருப்பவரையும், எந்த வடிவில் நடந்தாலும். கோடு வேற போட்டிருக்கீக! தீபாவளி அன்னைக்கு உங்களால எத்தனை கொடி எரியும்?" என்றார்.

ஒன்றரை லட்சம். பாதி லோடு மதராஸுக்கும் கல்கத்தாவுக்கும் லாரி ஏறியாகிவிட்டது, மிச்சமும் லேபிள் ஒட்டி உள்ளூர்க் கடைகளுக்குப் போய்விட்டது. ஊரில் ஒரு கொடியும் எரிக்காதவன் உள்ளே இருக்கிறான். ஒன்றரை லட்சம் கொடிக்குத் திரி வைத்தவன் கதர்ச்சட்டையோடு வெளியே.

திரும்பி வரும்போது எதிரே ஒரு போலீஸ்காரர் வணக்கம் வைத்தார். நான் பக்கத்துச் சந்தில் திரும்பிவிட்டேன்.

15-8-55, சுதந்திர தினம்

எட்டு வருஷமாக எங்கள் தெருக் கமிட்டிக் கம்பத்தில் கொடி கட்டுவது சுந்தரபாண்டிதான். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டே வந்து கட்டிக் கொடுத்துவிட்டுப் போவான். முடிச்சுப் போடுவதில் அவன் கைக்கு ஈடு கிடையாது. இந்த வருஷம் நானே கட்டினேன்.

கயிற்றை இழுத்தேன், பூ விழுந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு கை தட்டல் பாதியில் நின்றது. அண்ணாந்து பார்த்தேன். பச்சை மேலே இருந்தது.

யாரும் என் மீது மனு எழுதவில்லை.

20-8-55

கொடி எரிவதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அதில் மாற்றம் இல்லை. ஆனால் எனக்கு வயிறு எரிவதற்கெல்லாம் ஒருத்தனை உள்ளே வைக்க வேண்டும் என்றால், முதலில் பக்கத்துக் கம்பெனிக்காரனைத்தான் வைக்க வேண்டும். அவனுக்குப் போன சீசனில் என்னைவிட இரண்டு மடங்கு ஆர்டர்.

விளையாட்டாக எழுதிவிட்டேன். விளையாட்டு இல்லை. நாளை மறுநாள் கோர்ட்டு. மனுவில் எழுதியதை நான் ஒப்புக்கொண்டு சாட்சி சொல்ல வேண்டும்.

22-8-55, திங்கள்

முழுவதும் எழுதிவிடுகிறேன். பிறகு எனக்குச் சாதகமாக மாற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

நான் அனுப்பிய வக்கீலைச் சுந்தரபாண்டி வேண்டாம் என்றுவிட்டான். இருபத்தைந்து நாள் தாடியோடு நின்று அவனே என்னைக் கேள்வி கேட்டான். கோர்ட்டில் 'அத்தான்' இல்லை, 'சாட்சி'.

"சாட்சி 1930-ல துணி எரிச்சது உண்டா?"

"உண்டு."

"சீமைத்துணி வேண்டாம்னு வாயால சொல்லியிருக்கலாமே, ஏன் எரிச்சீக?"

சொல்ல வேண்டியதை வீட்டிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அது ஒன்றும் வாயில் வரவில்லை. "வாயால சொன்னா ஒருத்தனும் திரும்பிப் பாத்திருக்க மாட்டான். நான் பதினெட்டு வயசுப் பையன். தீ ஒண்ணுதான் என் பேச்சைக் கேக்க வச்சது" என்றேன்.

அப்போது அவன் கை சட்டைப் பைக்குள் போனது. அவன் வரைந்த லேபிள்தானே, ஒன்றை எடுத்து நீட்டினால் போதும். அதே கோர்ட்டில், அவன் நிற்கும் அதே கூண்டில், நான். சாட்சிக் கூண்டின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவனும் என் கையைப் பார்த்தான்.

பையிலிருந்து ஒரு துண்டுத் துணியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வேற கேள்வி இல்லைங்க."

நான் கேட்காமலே பேச ஆரம்பித்தேன். மனுவை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "அப்படின்னா கொடியை எரிக்கலாம்னு சொல்றீங்களா?"

"எரிச்சா நான் அழுவேங்கய்யா. அவன்கூடச் சண்டை போடுவேன். ஆனா அடைச்சு வைங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

எழுதிக்கொண்டார். போராட்டமும் நின்றுபோனது, மனு கொடுத்தவனும் பின்வாங்கிவிட்டான் என்று அவனை விட்டுவிட்டார். சுந்தரபாண்டி என் பக்கம் திரும்பாமல் சிவகாசி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டான்.

ராத்திரி இலையில் இரண்டாவது கரண்டி குழம்பு விழுந்தது. "காது குத்துக்கு அவன் வருவானா?" என்று சொர்ணலட்சுமி கேட்டாள். இருபத்துமூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. நேரில் போய் அழைக்கிறேன் என்றேன்.

28-8-55

தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு வைத்துக்கொண்டு சிவகாசி போனேன். தாய்மாமனை நேரில் போய் அழைக்க வேண்டும், ஆள் விட்டு அழைக்கக்கூடாது. அவன் மடி இல்லாமல் குழந்தைக்குக் காது குத்த முடியாது. அத்தனை சொந்தக்காரர்களும் வந்து பார்ப்பார்கள், ஏன் மாமன் இல்லை என்று கேட்பார்கள், தங்கத்தாய்க்கு ஆயுசுக்கும் அந்தப் பேச்சு நிற்கும்.

தட்டை அவன் வாங்கவில்லை. கல்லில் படம் வரைந்துகொண்டே இருந்தான். நின்றேன். கால் வலித்தது. கடைசியில் எழுதி வைக்காத ஒன்றைச் சொன்னேன்: "தப்புப் பண்ணிட்டேன்லே."

"ஏன் அந்த லேபிளை எடுக்கலைன்னு கேக்க மாட்டீகளா?"

"ஏன் எடுக்கலை?"

"எடுத்தா நானும் உங்களை மாதிரில்ல ஆயிருவேன்." பிறகு தூரிகையை வைத்தான். "மடி என்னோடது. அதுக்கு ஜாமீன் கேக்க மாட்டாகளே? வாரேன். ஆனா ஒரு கண்டிசன். அடுத்த வருசத்து லேபிளை நான் என் இஷ்டத்துக்கு வரைவேன். நீங்க பாக்காம அச்சுக்கு விடணும்."

"கொடி வேண்டாம்ப்பா."

"கொடி இல்லை."

சரி என்றேன். எதற்குச் சரி சொன்னேன் என்று பஸ்ஸில் பயம் வந்தது.

4-9-55

காது குத்தியாகிவிட்டது. மாமன் மடியில் உட்கார்ந்து அவன் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே அழுதாள். ஊசி அவளுக்கு, கண்ணீர் எனக்கும்.

14-11-55

நேற்று தீபாவளி. காலையில் வாசலுக்கு வந்தால் தெரு முழுக்கக் காவி, வெள்ளை, பச்சைத் துணுக்குகள். ஒரு துணுக்கில் அரைச் சக்கரம். எல்லாம் என் கைங்கர்யம். மேலே கால் வைக்காமல் ஓரமாகவே நடந்து தெரு முக்குவரை போய் வந்தேன்.

தெருக் கூட்டும் ராமுத்தாய் வழக்கம்போல எல்லாவற்றையும் குவித்துத் தீ வைக்கக் குனிந்தாள். "வைக்காதே!" என்று கத்திவிட்டேன்.

"பின்ன குப்பையை என்ன செய்யட்டும் அண்ணாச்சி?"

சாக்கில் அள்ளிக் குழி வெட்டிப் புதைக்கலாம் என்றேன். அவள் எனக்குக் காய்ச்சலோ என்று பார்த்தாள். நானே விளக்குமாற்றை வாங்கினேன். குனிந்து அள்ளிக்கொண்டிருக்கும்போது, விருந்துக்கு வந்திருந்த சுந்தரபாண்டி வாசற்படியில் நின்று கேட்டான்:

"அத்தான், தீப்பெட்டி வேணுமா?"

குழி வெட்ட அவனும் வந்தான். அதையும் எழுதிவிட வேண்டும்.

10-4-56

புது லேபிள் அச்சாகி வந்தது. கட்டைப் பிரித்த பெத்தணன் வாயைப் பொத்திக்கொண்டு ஷெட்டுக்குப் பின்னால் ஓடினான். லேபிள் ஒட்டும் பெண்கள் எல்லோரும் ஒவ்வொரு தாளாக எடுத்துக்கொண்டு என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

கதர்க் குல்லாய், தொப்பை, கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒரு மனிதர். கன்னத்து மச்சத்தைக்கூட விடவில்லை படுபாவி. கீழே 'காதுபொத்தி மார்க்'.

கட்டு முழுவதையும் அடுப்பில் போடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "ஒட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2-11-56

நேற்று தீபாவளி. காதுபொத்தி மார்க் நன்றாக ஓடியிருக்கிறது, கல்கத்தாவிலிருந்து இன்னும் கேட்கிறார்கள்.

விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தோம். சுந்தரபாண்டி தங்கத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஊதுபத்தியைக் கொடுத்தான். அவள் காதில் போன வருஷத்துக் கம்மல். வெடியின் மேல் இருந்த என்னை ஒரு தடவை பார்த்தாள், படியில் நின்ற என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்பா, உங்களைக் கொளுத்தட்டா?"

சொர்ணலட்சுமி பதறிப்போய், "ஏ பிள்ளே, என்ன பேச்சு இது!" என்று அதட்டினாள்.

"பேசட்டும் விடு" என்றேன். "கொளுத்து, தாயி."

திரி பிடித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். வெடிச் சத்தம் கேட்கவில்லை. அவர்கள் மூவரும் சிரித்தது கேட்டது.