நான் கேட்டால் ஏறும்

14.03.2004
சரோஜினிதேவி ரொறன்ரோவில் இருந்து கதைத்தா. குறிகட்டுவான் துறையடி நிலத்தை விற்கப்போகிறாவாம். நிலம்தான் அவவுடையது, மேலே நிற்கிற கடை நான் இடம்பெயர்ந்து திரும்பி வந்து கல்லுக் கல்லாக எழுப்பியது.

"ஊர்ச் சங்கத்தின்ரை இன்ரநெற் பக்கத்திலை ஏலத்துக்குப் போடுறன், அண்ணை. நீங்களும் கேளுங்கோ. ஓரவஞ்சனை இல்லை."

நயினாதீவுக்குப் படகேறும் சனம் என் வாசலால்தான் போகவேண்டும். அதை விட்டால் எனக்குப் பிழைப்பில்லை.

22.03
யாழ்ப்பாணம் போய், இன்ரநெற் கடையில் பிரியவதனி என்ற பிள்ளையைக் கொண்டு நான்கு இலட்சம் கேட்டேன். அதுவரை ஒருவரும் திரும்பிப் பார்க்காத நிலம். தேத்தண்ணி குடித்து முடிக்கமுதல் ஐந்தாகிவிட்டது. லண்டனில் ஒருவர், நோர்வேயில் ஒருவர்.

என் பெயர் திரையில் பளிச்சென்று கிடக்கிறது. அதைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்.

நானும் அப்படி வந்தவன்தான். துறையில் மீன் ஏலம் நடக்கும்போது மீனின் தரம் தெரிந்த அம்புறோஸ் அண்ணை எந்தக் குவியலைக் கேட்கிறாரோ, அதற்கு மேலே பத்து ரூபா வைப்பேன்.

02.04
பாரிசில் இருந்து ஆழ்வாப்பிள்ளை. என்னோடு படித்தவன்.

"சிவபாதம், நீர் கேக்கிறீர் எண்டால் அங்கை ஏதோ வரப்போகுது. சொல்லுமன். ஹோட்டலோ?"

"ஒண்டும் வரேல்லை ஐசே. கிணத்துத் தண்ணியும் உப்பு."

"நீர் உப்பெண்டு சொன்னால் அது இளநீர்தான்!" என்று சிரித்தான்.

பின்னேரம் ஏழு இலட்சம்.

09.04
கேட்காமல் இருக்கிறேன்.

17.04
அதற்கும் ஏறுகிறது. நான் ஆள் வைத்துக் கேட்கிறேன் என்று லண்டனில் கதையாம். உண்மையில் ஆள் வைத்தால்? சங்கத்தில் பதிந்தவர்தான் கேட்கலாம். ஆரின் ஆள் என்று அன்றைக்கே பிடித்துவிடுவார்கள்.

கேட்டாலும் ஏறும். கேட்காவிட்டாலும் ஏறும். எந்தச் சுவரில் போய் முட்டுவது?

29.04
நாளை முடிவு. அன்னபூரணம் சோறு போட்டுக்கொண்டே, "பத்தரை லட்சத்துக்கு மேலை வாயைத் திறவாதேங்கோ. என்ரை தாலிக்கொடியும் அதுக்குள்ளைதான்" என்றாள்.

30.04
ஒன்பதரை கேட்டேன். பத்து என்றான் ஆழ்வாப்பிள்ளை. பத்தரை கேட்டேன். பதினொன்று.

துறையில் என்றால் எதிராளியின் முகம் தெரியும். எச்சில் விழுங்கினால் விட்டுவிடப்போகிறான் என்று பிடிப்பேன். இங்கே — வெறும் பெயர். அவன் விழுங்கினானோ, சிரித்தானோ?

"இன்னும் போடட்டோ, அங்கிள்?" என்றாள் பிரியவதனி.

ஏலாது பிள்ளை. என்னட்டை இல்லை.

04.05
ஆழ்வாப்பிள்ளை ரெலிபோன் எடுத்தான். "உம்மை எழுப்பமாட்டன், நீரே இரும். வாடகையை மட்டும் பாப்பம்." பழையதைவிட நாலு மடங்கு சொன்னான்.

"அறாவிலை ஐசே!"

"பதினொண்டு போட்டனான், வேறை எப்பிடி எடுக்கிறது? ஒருத்தரும் பாராத நிலத்தை ஆர் ஏத்தினது?"

இனி ஒரு இலாபம் சொன்னாலும் கூட்டுவான், நட்டம் சொன்னாலும் நம்பமாட்டான்.

01.06
முதல் வாடகை அனுப்பினேன். தேத்தண்ணிக்கு விலை கூட்டினேன்.

பக்கத்துக் கடை இராசமணி அக்கா காலையில் வாசலில் வந்து நின்றா. அவவின் நிலக்காரர் கனடாவில். அவரும் வாடகையை ஏற்றிவிட்டாராம்.

"குறிகட்டுவானிலை இப்ப நிலம் அந்த விலையாமே, தம்பி. உனக்கு ஏதும் தெரியுமோ?"

"ஓம் அக்கா, ஏறித்தான் போச்சு" என்றேன். அவவுக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், பழைய விலைக்கு.