மேப்பிள் பாகும் வெள்ளேறன் தலையும்

திருவும் திறலும் ஓங்குக. ஏழு குன்றமும் இரு துறையும் புரக்கும் வேய்ங்குன்றக் கோமான் இளவெயினன், ஆழிமுனைக் கோட்டைத் தலைவர் குமிழி நம்பியாருக்கு விடுக்கும் ஓலை. உமது மதிலும் மனையும் நலமுற நிற்க. இங்கு நாமும் நலமே.

உமது சிறையிலிருக்கும் தூதர் வெள்ளேறன் பொருட்டு இதை எழுதுகிறோம். அவையில் பொய்யுரைத்தார் என்று, வரும் அமாவாசையன்று அவர் தலையை வாங்க ஆணையிட்டிருந்தோம். வாளை எடுக்குமுன் இதை முழுக்கப் படிக்கவும்.

அமெரிக்கப் பெருநிலத்தில் வெர்மாண்ட் என்றொரு மாநிலம் உண்டென்றும், அங்கே மேப்பிள் மரத்தில் துளையிட்டால் இனிப்பு நீர் சொட்டுமென்றும் அவர் உரைத்ததும், மரத்தில் பாகு வடியுமானால் தாம் அடுப்பை அணைத்துவிட்டுக் காட்டுக்கே குடிபோவதாக மடைப்பள்ளித் தலைவர் கேலி பேசியதும் நீர் அறிந்ததே. தூதர் கண்ட பொருளைக் கண்டபடியே கொணர்ந்து நம் நாவில் வைக்க வேண்டுமென்பது குல வழக்கம். அதற்கு அஞ்சிய வெள்ளேறன், அந்நீரைக் காய்ச்சாமல் பச்சையாகவே குடத்தில் அடைத்துக் கடல் கடந்தார். வழியில் அது புளித்தது. நாம் அவை நடுவே துப்பினோம். மிச்சம் உமக்குத் தெரியும்.

பின்பு ஐயம் தீரக் கப்பல்தலைவி எயினியாரை அனுப்பினோம், திரும்பிவிட்டார். நாற்பது குடம் நீரைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு குடம் பாகு தேறுகிறதாம். காய்ச்சியதையே கொணர்ந்தார், நாமும் சுவைத்தோம். வெள்ளேறன் சொன்னபடியே, அங்குள்ளோர் சூடான பாகை உறைபனி மேல் ஊற்றி, இழுபடும் மிட்டாயாக்கி, இடையிடையே வெள்ளரி ஊறுகாய் கடிப்பது மெய். மரப்பாலம் மழையில் இற்றுப்போகாதபடி வீடுபோல் சுவரும் கூரையும் போடுவதும் மெய்.

பொய்யாக இருந்திருக்கலாமே என்று நாம் நினைத்தது வேறொன்று. பனி உருகும் பருவத்தில் ஊரார் ஒரு மண்டபத்தில் கூடி, வரி எவ்வளவு, எந்தச் சாலையைச் செப்பனிடுவது என்று கை தூக்கி முடிவு கட்டுகிறார்களாம். வெள்ளேறன் அதிலும் உட்கார்ந்து முறையெல்லாம் கேட்டறிந்தவர். மாடு வைத்துப் பால் விற்பவர் ஒருவர் எழுந்து வரி கூடுதல் என்றாராம். அவர் தலை தோள்மேல்தான் இருக்கிறது என்பதை எயினியார் மறுநாளும் போய்ப் பார்த்து உறுதிசெய்தார்.

ஆகவே ஆணை: பாகும் ஊறுகாயும் பாலமும் மெய்யென்று முரசறைந்து அவரை விடுவிக்க. கை தூக்கும் சேதி மட்டும் தம் கற்பனை என்று அவர் சந்தையில் நின்று சொல்ல வேண்டும். மறுத்தால் அமாவாசை அப்படியே இருக்கட்டும்.

இவ்வளவும் எழுதி முத்திரைக்கு அரக்கு உருக்கும்போது துறையிலிருந்து ஆள் வந்தான். எயினியாரின் கப்பலோட்டிகள் பண்டசாலையில் கூடிச் சுங்கவரி பற்றிக் கை தூக்கிக்கொண்டிருக்கிறார்களாம். நடுவில் அமர்ந்து கைகளை எண்ணுகிறவர் எயினியாரே. நாமும் வரலாமாம், பின்வரிசையில் இடம் இருக்கிறதாம்.

எனவே மேற்சொன்ன நிபந்தனை நீங்கியது. வெள்ளேறனைக் குளிக்கச் செய்து, வயிறார உண்பித்து, உம்மிடமுள்ள வேகமான குதிரையில் ஏற்றி அனுப்புக. அவ்வகைக் கூட்டத்தில் மன்னனுக்குப் பேச வேண்டுமென்றால் எப்போது எழுந்து நிற்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர, நம் பக்கம் அவர் ஒருவரே உண்டு.

மூங்கில் முத்திரை பதித்தோம். இவ்வாணை காற்றினும் முந்திச் செல்க.