திரையில் நின்ற உன் அணுக்கள்

என் தோழியே,

இன்று காலை ஆய்வகத்துக்குப் புதுக் குப்பிகள் வந்தன. ஐஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் குளிர்பெட்டிக்கு மாற்றினேன். கட்டைவிரல் அளவு கறுப்புக் குப்பிகள். உள்ளே இருப்பதன்மேல் வெளிச்சம் படக்கூடாது. ஒன்றின் மூடியைத் திறந்தால் அடியில் ரோஜா நிறத்தில் சில சொட்டு. உன் ரத்தத்தில் நான் கலந்ததும் இதே நிறம்தான். மூட மறந்து நின்றுவிட்டேன்.

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்துக் குடியிருப்பில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நாம். நீ ஏலக்காய் ஸ்டோரில் காய் பிரிக்கப் போனாய், நான் பாலக்காட்டு ஆஸ்பத்திரி ஆய்வக வேலைக்கு வந்துவிட்டேன். விடாத காய்ச்சலும் கையெல்லாம் நீலத் திட்டுமாக ஆனபோது, தேனி ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தும், நான் இருக்கிறேன் என்பதற்காகவே இத்தனை தூரம் வந்தாய்.

ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்று மருத்துவரம்மா சந்தேகப்பட்டார். எந்த வகை என்று தெரியாமல் மருந்து தொடங்க முடியாது. வெள்ளையணுக்கள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். ஆனால் ஒவ்வொரு வகையும் தன் மேல் தனித்தனி அடையாளங்களைச் சுமந்திருக்கிறது. குப்பியில் இருக்கும் ஆன்டிபாடி என்கிற எதிர்ப்புரதம் தனக்குரிய அடையாளத்தைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதோடு கட்டிவைத்த சாயம் லேசர் பட்டால் ஒளிரும். அணுக்கள் ஒவ்வொன்றாக அந்த ஒளியைக் கடக்க, திரையில் ஒவ்வொரு புள்ளியாக விழும்.

உன் புள்ளிகளும் விழுந்தன. இருக்கக் கூடாத இடத்தில் அடர்த்தியாக ஒரு கூட்டம். முடிவை மருத்துவரம்மாதான் சொல்ல வேண்டும். நான் வாய் திறக்கக் கூடாது. மதியம் உன் வார்டுக்கு எப்படி வருவது என்று தெரியாமல் வந்தேன். நீ தட்டைக் கழுவி எடுத்து வைத்திருந்தாய்.

"ஒன்ட்ட ஒண்ணும் கேக்க மாட்டேன்ட்டி. டாக்டரு சொல்லட்டும். நீ எங்கூட உக்காந்து சோறு தின்னு," என்றாய்.

தின்றேன். அன்று நீதான் என்னைக் காப்பாற்றினாய்.

முதல் சுற்று மருந்து முடிந்து மறுபடி சோதித்தபோது, நோயணு மிச்சம் இருக்கிறதா என்று லட்சக்கணக்கான அணுக்களுக்குள் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அதை மருத்துவரம்மா சொன்னதும் நீ கேட்டது ஒன்றே ஒன்று, அந்தத் திரையைப் பார்க்க வேண்டும். அவரும் சம்மதித்தார். முடி கொட்டிய தலையில் துணி கட்டி, முகக்கவசம் போட்டு, என் நாற்காலியில் உட்கார்ந்தாய். இந்தக் கூட்டம் கிருமியோடு சண்டை போடுவது, அந்தக் கூட்டம் அதற்கு ஆயுதம் செய்து கொடுப்பது என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"எனக்குள்ளயா இம்புட்டுப் பேரு நிக்காவ?" என்றாய் கடைசியில். "நான் ஒறங்குதப்பவும் நிக்காவளா?"

ஆமாம் என்றேன். நீ சிலுவை போட்டுக்கொண்டாய். தினமும் அந்தத் திரையைப் பார்க்கிற எனக்கு அன்றுதான் உடம்பு சிலிர்த்தது.

இரண்டு வருடம் நன்றாக இருந்தாய். பிறகு ஒருநாள் உன் பெயர் ஒட்டிய குழாய் மறுபடி வந்தது. கூட வேலை செய்பவர் தான் செய்வதாகச் சொன்னார். கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் பழைய இடத்தில் புள்ளிகள் திரும்பி விழுந்தன. இந்த முறை மருந்துக்கு அவை மசியவில்லை.

கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கெட்டது எத்தனை என்று சொல்லாதே, நல்லது இன்னும் நிற்கிறதா என்று மட்டும் சொல் என்றாய். அன்று காலைதான் பார்த்திருந்தேன். குறைவாக, சிதறி, ஆனாலும் தத்தம் இடத்தில் இருந்தன. நிற்கிறார்கள் என்றேன். அது பொய்யில்லை.

"அப்போ அவ்வோட்ட சொல்லு, நல்லா நின்னாவன்னு."

அந்த அணுக்களும் உன்னோடு போய்விட்ட பிறகு, யாரிடம், எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எவருடைய மாதிரியாக இருந்தாலும், தேட வேண்டியதைத் தேடி, எழுத வேண்டியதை எழுதி முடித்தபின், நல்ல அணுக்களின் கூட்டத்தை ஒருமுறை திரையில் கொண்டுவருகிறேன். நல்லா நின்னிய என்று வாய்க்குள் சொல்லிவிட்டுத்தான் அடுத்த குழாயை எடுக்கிறேன்.